சொல்லிக்கொண்டு போன குட்டி டாக்டர்

எனக்கு அந்த வேலையைக் கொடுத்தபோது தலைமை டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“வேகமாப் பேசுவியா?”

“நிறுத்தச் சொல்ற வரைக்கும் பேசுவேன் மேடம்.”

அடுத்த நாளே வரச் சொல்லிவிட்டார். ஏற்காட்டு மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. வெளிநாடுகளில் மருத்துவம் முடித்து வேலை பழகுகிற இளம் டாக்டர்கள் சில மாதங்களுக்கு இங்கே வருவார்கள். நோயாளி சொல்வதை அவர்களுக்கு ஆங்கிலத்திலும், அவர்கள் சொல்வதை நோயாளிக்குத் தமிழிலும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நான் சேலத்தில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டு, மலைமேல் எங்கள் ஊரான மஞ்சக்குட்டையில் வீட்டில் இருந்தேன். எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் எடுக்கப் போகிற அம்மா, “பேசறதுக்கெல்லாம் சம்பளம் தருவாங்களா?” என்று கேட்டது. தருவார்கள். எனக்கென்றே செய்த வேலை என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசியாக வந்தவர்கள் அயர்லாந்திலிருந்து இரண்டு பேர். ஆண் ஒருவர், பெண் ஒருவர். அவர்களுடைய பெயர்களைச் சொல்ல முயன்று இரண்டு நாள் தோற்ற நர்சக்கா, மூன்றாவது நாள் தானே பெயர் வைத்துவிட்டார். அவர் நெட்டை டாக்டர், இவள் குட்டி டாக்டர். நெட்டை டாக்டர் வார்டுக் கதவில் குனிந்துதான் நுழைவார். குட்டி டாக்டருக்கு என் வயதுதான். அதனால் எனக்கு அவள் ‘அவள்’தான். எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம், இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

தமிழ் கற்றுக்கொடுப்பதும் என் பொறுப்பு. வலிக்குதுங்களா, மூச்சை இழுங்க, நாக்கை நீட்டுங்க. இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. நான் கண்டிப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில். கட்டிலை விட்டு நகரும்போது ‘போறேன்’ என்று சொல்லவே கூடாது. ‘போய்ட்டு வரேனுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் ‘போறேன்’ என்றால் கேட்கிறவருக்கு அது சாவைச் சொல்வதுபோல் இருக்கும். குட்டி டாக்டர் அதை வேதம்போல் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கட்டிலிலும் கையைக் குவித்து, “போய்ட்டு வரேனுங்க.” மருந்து வாங்க வந்தவரிடமும் சொன்னாள். வாசலில் படுத்திருக்கிற நாயிடமும் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

வார்டில் அப்போது தலைச்சோலை என்ற மலைக்கிராமத்துக்காரர் ஒருவர் இருந்தார். மலையிலேயே பரம்பரையாக விவசாயம் செய்கிற குடும்பம். கொஞ்சம் காப்பி, சவுக்கு மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, வீட்டுக்குச் சாமை. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி மூச்சு வாங்கும்போதெல்லாம் வந்து படுப்பார், நீர் வடிந்ததும் எழுந்து போவார். இந்தத் தடவை நீர் வடியவில்லை. வாய் மட்டும் ஓயவே இல்லை.

“ஏனுங்க கண்ணு, இந்த நெட்ட சாமிய எங்க தோட்டத்துக்கு அனுப்பி வெய்யுங்க. மொளகு பறிக்க ஏணியே வேண்டாமுங்க.”

நான் மொழிபெயர்த்தேன். நெட்டை டாக்டர் கையை உயர்த்தி விட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“பாத்தீங்களா, கூலி கேக்காம வேலைக்கு வந்துட்டாரு.”

குட்டி டாக்டர்மேல் அவருக்குத் தனிப் பிரியம். சாயங்காலம் அவள் கையைக் குவிக்கும் முன்பே இவர் அவளுடைய குரலில், அவளுடைய இழுப்போடு, “போய்ட்டு வரேனுங்க” என்பார். வார்டே சிரிக்கும். கூடவே இருந்த அவருடைய மனைவி மட்டும், “டாக்டருப் புள்ளயப் போயி நக்கல் பண்ணிக்கிட்டு” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டே திட்டுவார்.

அவர் இறந்தது ஒரு காலை நேரத்தில், நாங்கள் எல்லாரும் வார்டில் இருக்கும்போது. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை நழுவவிட்டார். கண் மேலே போனது. பக்கத்தில் நின்றது குட்டி டாக்டர்தான். ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. கட்டில்மேல் ஏறி மண்டியிட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். தலைமை டாக்டர் ஓடிவந்தார், ஊசி போட்டார்கள், நெட்டை டாக்டர் மூச்சுக்காற்றைப் பம்ப் செய்தார். இவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் ஒன்று வந்தது. அது சாதாரணமாக நடப்பதுதான் என்று பிறகு சொன்னார்கள். அப்போது அது எனக்குத் தெரியாது, அவருடைய மனைவிக்கும் தெரியாது.

“விடுங்க சாமி,” என்றார் அந்தம்மா. முதலில் மெதுவாக. பிறகு கத்தலாக. “விடுங்க, விடுங்க சாமி.”

“என்ன சொல்கிறார்?” என்று அமுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள் குட்டி டாக்டர்.

என் வேலை உள்ளதை உள்ளபடி சொல்வது. “விடச் சொல்கிறார்.”

அவள் விடவில்லை. தலைமை டாக்டர் தோளில் கை வைத்து “போதும்” என்ற பிறகுதான் கட்டிலிலிருந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குப் பழகியவை. அவளுக்கு இல்லை. சேதி கேட்டு ஓடிவந்த மகளும் கூட ஏறிக்கொள்ள, ஆம்புலன்சில் அவரைத் தலைச்சோலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். தலைமை டாக்டர் எப்போதும்போல் பின்வாசல் குழாயடிக்குப் போய்க் கையும் முகமும் கழுவிக்கொண்டு, நிறையச் சர்க்கரை போட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு, வெளிநோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார். நர்சக்கா விரிப்பை மாற்றினார். மதியத்துக்குள் அந்தக் கட்டிலில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை படுத்திருந்தது. நெட்டை டாக்டர் ஷூவை மாட்டிக்கொண்டு, மலையைச் சுற்றி வருகிற லூப் ரோட்டில் ஓடப் போனார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் ஓடுவார். வியர்த்து வந்து இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

“இதைப் பற்றி யாருமே பேசமாட்டீர்களா?” என்றாள் குட்டி டாக்டர். அவர்கள் ஊரில் இப்படி ஒரு சாவு நடந்தால், கூட இருந்த எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து, என்ன செய்தோம், என்ன செய்திருக்கலாம் என்று பேசுவார்களாம்.

தலைமை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். “பேசலாமே, கூப்பிடு” என்றார். அன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். அவருடைய இதயம் எந்த நிலையில் இருந்தது, எந்த மருந்து எப்போது போனது, ஏன் யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று தலைமை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நெட்டை டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். குட்டி டாக்டர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“எல்லாம் புரிகிறது. ஆனால் அந்த அம்மா விடச் சொன்னார். நான் அவர் கண்ணுக்கு முன்னால் அவருடைய புருஷனின் எலும்பை உடைத்தேன். அவர் இனி என் கைகளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.”

தலைமை டாக்டர் படம் போட்ட தாளை மடித்து வைத்தார்.

மறுநாள் அவள் வார்டுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. டிக்கெட்டை முன்னுக்கு மாற்றிவிட்டாளாம், இன்னும் சில நாளில் கிளம்புகிறாளாம். டாக்டர் வேலையே தனக்கு ஒத்துவருமா என்று ஊருக்குப் போய் யோசிக்கப்போகிறாளாம்.

“போகட்டும். யாரையும் கட்டி வெக்க முடியாது,” என்றார் தலைமை டாக்டர். பிறகு, “நல்ல கை அது,” என்றார்.

எனக்கு ஒரு குணம். ஒரு விஷயத்தை அப்படியே விட முடியாது, என்னால் சரிசெய்துவிட முடியும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் முடிந்தும் இருக்கிறது. நான் திரும்பவும் கதவைத் தட்டினேன்.

“அந்தம்மா என்ன நினைக்கிறார் என்று நீயாகவே முடிவு செய்யாதே. வா, போய்ப் பார்க்கலாம். இங்கே அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. துக்கம் கேட்கப் போவது.”

“போய் என்ன கேட்பது?”

“ஒன்றும் கேட்பதில்லை. போய் உட்காருவது.”

தலைமை டாக்டர் சம்மதித்தார். “நானே போயிருக்கணும். நீங்க போறது நல்லதுதான்.”

ஸ்கூட்டியில் பின்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு, தலைச்சோலைக்குப் போகிற வழியெல்லாம் நான் பாடம் எடுத்தேன். காற்றுக்கு எதிராகக் கத்திக் கத்திச் சொன்னேன். அங்கே யாரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள், தப்பாக நினைக்காதே. தண்ணீர் கொடுத்தால் குடி. நன்றி சொல்லாதே. போனை வெளியே எடுக்காதே. உள்ளே போனதும் இரண்டு கையையும் நீட்டு, துக்கக்காரர் உன் கையைத் தொடுவார், அவ்வளவுதான்.

வளைவில் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தேன்.

“கையையா?” என்றாள்.

“ஆமாம்.”

“இந்தக் கையையா?”

நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

காப்பிப் பழம் எடுக்கிற காலம். மற்ற வீட்டுக் களங்களிலெல்லாம் பழம் காய்ந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் மூட்டைகள் கட்டியபடி சுவரோரம் கிடந்தன. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவருடைய தம்பி எங்களைப் பார்த்து எழுந்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே கையைக் காட்டினார். பாயில் அந்தம்மா. பக்கத்தில் கல்யாணமாகிக் கரடியூரில் இருக்கிற மகள்.

குட்டி டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

அந்தம்மா தொடவில்லை. கையையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார்.

“அத்தன அமுக்கு அமுக்குச்சே இந்தப் புள்ள,” என்றார் மகளிடம். “கை நொம்ப வலிச்சிருக்குமே.”

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடாமல் முழுசாகச் சொன்னேன்.

“நீங்கள் விடச் சொன்னீர்கள், நான் விடவில்லை என்று சொல்,” என்றாள் குட்டி டாக்டர்.

சொன்னேன்.

“சொன்னனுங்க. அவரு போனது எனக்குத் தெரிஞ்சு போச்சு. இத்தன வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாதுங்களா. போன மனுசனப் போக விடுங்கன்னு சொன்னன். அந்தப் புள்ளைக்கு மனசு வரல. எம்பட மகளுக்கும் வரல, ஆம்புலன்ஸுல ஊடு வர்ற வரைக்கும் அப்பா அப்பான்னு உலுக்கிட்டே வந்தா. அவள நான் திட்டுனனா?”

குட்டி டாக்டர் அழுதாள். மகளும் அழுதது. பிறகு எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இதைத்தான் நான் நினைத்தேன், நினைத்தபடியே நடந்தது. எனக்குள் ஒரு பெருமைகூட வந்துவிட்டது. நான் கண்ணைக் காட்டினேன், எழுந்தோம். செருப்பு மாட்டிக்கொண்டேன். அப்போது வாசலில் திரும்பி நின்று, முதுகை நிமிர்த்தி, கையைக் குவித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி குட்டி டாக்டர் சொன்னாள்.

“போய்ட்டு வரேனுங்க.”

எழவு வீட்டில் சொல்லக் கூடாத சொல் அது ஒன்றுதான். சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போவார்கள். திரும்ப வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் அதைச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வழியெல்லாம் கத்திய பாடத்தில் அது மட்டும் இல்லை.

தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஏனுங்க, என்ன பேச்சு இது? எழவு ஊட்டுல நின்னுக்கிட்டு.”

“அவங்களுக்குத் தெரியாதுங்க. நாந்தான் சொல்லிக்குடுத்தனுங்க,” என்றேன் அவசரமாக.

“நீயா? நம்மூருப் புள்ளதான நீ? இதயா சொல்லிக்குடுத்த?”

“ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்குடுத்தனுங்க. இங்கத்துக்கு இல்லீங்க.”

எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். குட்டி டாக்டர் குவித்த கையை இறக்காமல் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். மகள் சிரித்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தோடு, அடக்க முடியாமல் சிரித்தது. “அப்பா போன்ல இப்படியேதான் பேசிக் காட்டும். இதே இழுப்பு.”

அந்தம்மா எழுந்து வாசற்படிவரை வந்தார். கொழுந்தனாரிடம், “உக்காருங்க. சொன்னது சொல்லியாச்சு, வாயில திருப்பியா போட முடியும்?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அந்தப் புள்ளகிட்டச் சொல்லு கண்ணு. எழவுல சொன்னத எழவோட விடக் கூடாது. காரியம் முடிஞ்சு, வெளக்கு வெச்சுச் சமைச்ச பொறவு, ஒரு நாளைக்கு வந்து சோறு தின்னுட்டு, நல்ல ஊட்டுல சொல்லிட்டுப் போகோணும். அப்பத்தான் செரியாகும்.”

மொழிபெயர்த்தேன். அவள் சொன்னதற்கு எழவு வீட்டில் என்ன பொருள் என்பதையும் சேர்த்து விளக்கினேன். குட்டி டாக்டர் முகம் காதுவரை சிவந்தது.

“காரியம் எப்போது?”

சொன்னேன்.

“என் டிக்கெட் அதற்கு முந்தி.”

அதையும் நான் அப்படியே தமிழில் சொன்னேன். வேண்டுமென்றேதான். உள்ளதை உள்ளபடி சொல்வது என் வேலை இல்லையா?

“டிக்கெட்டா?” என்றார் அந்தம்மா. “மாத்திக்கச் சொல்லு சாமி. சேலத்துக்குப் போறதுக்கே நாங்க பஸ்ஸ மாத்தி மாத்தித்தான போறம்.”

இந்தமுறை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம். அவள் அறை வாசலுக்கு வந்ததும் நான் வழிமறித்தேன். எழவுக்குப் போய்விட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் அறைக்குப் பின்னால் தனிக் குளியலறை, குளிரில் பல் அடித்துக்கொண்டே குளித்து வந்தாள்.

“ஒவ்வொரு சாவுக்கும் இப்படியா?” என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டு.

“ஒவ்வொன்றுக்கும்.”

“ஆஸ்பத்திரியில்? அங்கே யாரும் குளிப்பதில்லையே.”

“ஒவ்வொரு தடவையும் குளித்தால் நோயாளியை யார் பார்ப்பது? அதனால்தான் மேடம் குழாயடியில் முகம் கழுவிக்கொள்கிறார்.”

துவட்டுவதை நிறுத்தினாள். “அவர் கழுவியதைப் பார்த்து, உடனே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.”

டிக்கெட்டைச் சில நாள் தள்ளிப் போட்டாள். காரியம் முடிந்து சாப்பாடு, அதற்கு அடுத்த நாள் விமானம். அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை என்றாள். நான் சரி சரி என்றேன். தலைமை டாக்டரிடம் சொன்னபோது, “இருக்கறதுன்னா ரூம்ல உக்காந்துட்டு இருக்க முடியாது. காலைல வார்டு,” என்றார். காலையில் வார்டுக்கு வந்தாள். தலைச்சோலைக்காரர் இறந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து அதன் பக்கத்தில் நின்றாள்.

அந்த இடைவெளியில் இன்னொரு சாவு வந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து தூக்கி வந்த வயதான அம்மா, நுரையீரலில் சளி. அவருடைய மகனிடம் குட்டி டாக்டரே உட்கார்ந்து பேசினாள், நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். நெஞ்சை அமுக்கினால் என்ன ஆகும், அமுக்கினாலும் பிழைப்பது கடினம் என்று முன்பே சொல்லி, வேண்டுமா என்று கேட்டாள். “வேண்டாமுங்க, கையப் புடிச்சுட்டு உக்காந்துக்கறன்,” என்றார் மகன். அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்ததும் எழுந்தாள். ‘போய்ட்டு வரேனுங்க’ சொல்லவில்லை, கையைக் குவிக்கவில்லை. நேராகப் பின்வாசலுக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. கழுத்துவரை நனைந்து வந்து அடுத்த கட்டிலில் இருந்தவரிடம், “மூச்சை இழுங்க” என்றாள். அவர் இழுத்தார்.

காரியம் முடிந்து தலைச்சோலைக்குச் சாப்பிடப் போனபோது நெட்டை டாக்டரும் வந்தார். அவருக்கென்று ஒரு ஜீப் பிடித்தோம், ஸ்கூட்டியில் அவர் கால் ரோட்டில் இழுபடும். வீடு மெழுகிக் கழுவியிருந்தது. களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. “வாங்க, வாங்க,” என்று இந்தமுறை எல்லாரும் வாயாரக் கூப்பிட்டார்கள். அன்று கோபப்பட்ட தம்பிதான் இலை போட்டார். சாதம், அவரைக்காய்க் குழம்பு, கொள்ளு ரசம். “அந்தப் புள்ளைக்கு ரசம் காரமா இருக்குமே,” என்று அந்தம்மா கேட்டு முடிக்கும் முன்பே குட்டி டாக்டர் கண்ணில் நீர் வழிய இரண்டாம் தடவை கேட்டாள். நெட்டை டாக்டருக்கு எத்தனை தடவை என்று யாரும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது குட்டி டாக்டர் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையசைத்தேன்.

“போய்ட்டு வரேனுங்க.”

“செரிங்க சாமி, வாங்க,” என்றார் அந்தம்மா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சவுக்கு மரத்துக்குக் கீழே நின்ற நெட்டை டாக்டரை அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு மேல் மிளகுச் சரங்கள் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. “வரும்போது இவரயும் கூட்டிட்டு வாங்க. எங்கூட்டுக்காரரு ஏணி வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. மொளகு பழுத்ததும் சொல்லி அனுப்பறம்.”

நான் மொழிபெயர்த்தேன். நெட்டை டாக்டர் கையை உயர்த்தி ஒரு சரத்தைத் தொட்டுக் காட்டினார். குட்டி டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் விமானம் உள்ளவள் அவள். அந்தச் சரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அது எப்போது பழுக்கும்?” என்று கேட்டாள்.

“தை கடைசியில்.”

“அது எந்த மாதம்?”

சொன்னேன். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். இந்த வீட்டில் இப்போது போனை எடுக்கலாம், தப்பில்லை. ஜீப்புக்காரர் ஹாரன் அடித்தார். அவள் ஒரு கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, விமானக் கம்பெனிக்காரர்கள் போனை எடுக்கும்வரை களத்தோரம் காப்பிப் பழத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.